ஊசிக் காது

நாலாவது தடவையும் நூல் ஊசிக் காதுவரை போய்விட்டு, வீடு மாறி வந்த விருந்தாளி மாதிரி விலகிப் போனது.

"நூல் சரியில்ல" என்றார் பாலீஷ்காரர்.

எட்டு வருஷமாக அதே நூல்தான். தையலக்கா ஊசியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

புருஷன் குடித்திருக்கிறானா என்று மற்ற வீடுகளில் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாள் முழுக்க நாற்காலிக்கும் பீரோவுக்கும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தேய்க்கிற மனுஷனிடம் எதை மோப்பது? குடித்தாலும் அதே வாடை, குடிக்காவிட்டாலும் அதே வாடை.

அதனால்தான் ஊசி. சாயங்காலம் அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், குரலில் பாதிக் கிழவியை வரவழைத்துக்கொண்டு, "எனக்குக் கண்ணே தெரியமாட்டேங்குதுங்க, கொஞ்சம் கோர்த்துக் குடுங்களேன்" என்பாள். கை நடுங்காமல் நூல் உள்ளே போனால் அன்றைக்கு நிம்மதி.

சிகிச்சை மையத்திலிருந்து வந்த நாற்பதாம் நாள் அவர் சறுக்கியதை ஊசிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி சறுக்கியதையும் அதுதான். அப்போது, "கண்ணு மங்குது, அதான்" என்று அடித்துச் சத்தியம் செய்தார். மறுநாள் அலமாரிக்குப் பின்னால் பாட்டில் இருந்தது.

அன்றைக்கு அவள் கத்தவில்லை. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "இன்னொரு தடவை நடந்தா நான் இங்க இருக்கமாட்டேன்."

அதற்கப்புறம் ஆறு வருஷம். ஞாயிறு தவறாமல், குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போய் வருகிறார். ஒரு நாள்கூட நூல் தடம் மாறியதில்லை, இந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை வெளிச்சம் சரியில்லை என்றார். புதன்கிழமை ஊசியே சரியில்லை. வியாழக்கிழமை "இதோ வந்துட்டேன்" என்று ஊசியோடு வெளியே போனவர், கோர்த்த ஊசியோடு திரும்பினார். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். "ஏன்க்கா, தையல்காரி வீட்டுக்கு ஊசி கோர்த்துக் குடுக்க நான்தான் கிடைச்சேனா?"

தையலக்கா தங்கச்சிக்குப் போன் போட்டாள். தங்கச்சி எல்லாவற்றையும் அன்றைக்கே சொன்னவள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஆரம்பித்து, மாமா திருந்தினதா சரித்திரமே கிடையாது, ஆறு வருஷம் என்ன அறுபது வருஷம் ஆனாலும் அது உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று மூச்சு விடாமல் பேசினாள். முடிவாக, பையைக் கட்டச் சொன்னாள். சாயங்காலம் தானே வந்து கூட்டிப்போகிறாளாம்.

தையலக்கா பையைக் கட்டினாள். நாலு துணி, கத்தரிக்கோல், அளவு நாடா. ஜிப்பை இழுத்த பிறகும் மனசு கேட்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டே போவோம் என்று நாலு மணிக்கு மரப் பட்டறைக்குக் கிளம்பினாள்.

பட்டறை முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு இப்பத்தானே ஓடினாரு. இப்ப எப்படிம்மா இருக்கு?"

"தேவலை" என்றாள்.

தெருமுனையில் அவருடைய கறை படிந்த சட்டை திரும்புவது தெரிந்தது. பின்னாலேயே போனாள். அவர் நேராக பார் இருக்கிற தெருவில் நுழைந்தார். பார் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம்.

அவள் நடையை எட்டிப் போட்டாள். கிட்டே போன பிறகுதான், பார் கதவை ஒட்டி ஒரு குறுகலான மாடிப்படி இருப்பது தெரிந்தது. மேலேயிருந்து அவர் குரல் வந்தது. சத்தமில்லாமல் ஏறினாள்.

"தினமும் வீட்டுல ஊசி கோர்த்துக் குடுக்கணும். கிட்ட கொண்டு வந்தா எல்லாம் பனிமூட்டமா இருக்குங்க."

பாதி திறந்த கதவு வழியே பார்த்தாள். சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடிகள்.

"இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "நாளைக்குக் கண்ணாடி ரெடியாயிடும். இதுக்குப் போய் ஏன் திருட்டு முழி முழிக்கிறீங்க? கண்ணு தெரியலன்னு வீட்டுல சொல்லிட வேண்டியதுதானே."

"அந்தப் பொய்யை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிட்டேங்க. இப்ப அது நிஜமாயிடுச்சுன்னா யாரு நம்புவா?"

கடைக்காரர் சீட்டில் நம்பரை எழுதினார். தினமும் ஊசி கோர்க்கச் சொல்கிறார்கள் என்றால் வீட்டம்மாவுக்கும் பார்வை மங்கல்தான், அவர்களையும் ஒரு நடை கூட்டிவரலாமே என்றார்.

பாலீஷ்காரர் சிரித்தார். "அவளுக்கா? எதிர்மாடியில காயிற சட்டையில எத்தனாவது பொத்தான் இல்லன்னு இங்கிருந்தே சொல்லுவா."

"அப்புறம் எதுக்கு நீங்க கோர்த்துக் குடுக்கறீங்க?"

"கோர்த்துக் குடுத்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வருதுங்க. என்னால பல வருஷம் தூங்காதவ."

தையலக்கா வந்த மாதிரியே இறங்கினாள். வழியிலேயே தங்கச்சிக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை.

சாயங்காலம் பாலீஷ்காரர் கைகால் கழுவிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் முகத்தோடு உட்கார்ந்தார். அவள் மடியில் பொத்தான் அறுந்த சட்டை ஒன்று கிடந்தது.

"கண்ணே தெரியமாட்டேங்குதுங்க" என்று ஊசியை நீட்டினாள்.

வாங்கியவர், ஊசியை ஒரு தடவை பார்த்தார். அவளை ஒரு தடவை பார்த்தார். நூல் முதல் தடவையிலேயே உள்ளே போனது.

சட்டைப் பொத்தான் தைக்க, மூட்டை தைக்கிற கோணி ஊசி எதற்கு என்று அவர் கேட்கவில்லை.