டிக்கியில் இருந்த பெட்டி

தான் ஓட்டிவந்த வாடகைக் காரை விற்றபோது துரைசிங்கம் டிக்கியில் இருந்த, பாட்டின் அடித்தாளத்தை அதிரவைக்கும் சப்வூபர் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் அது போட்ட சத்தத்தில்தான் காது போயிற்று என்றார் டாக்டர். இனி எந்தக் காது மெஷினும் உதவாது என்றும் சொல்லிவிட்டார். அவன் அந்தப் பெட்டியை வீட்டு ஹோம் தியேட்டரில் இணைத்து, தரையில் உட்கார்ந்து, அதில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"உடம்புக்குக் கேக்குது வனஜா," என்றான் மனைவியிடம்.

பகலெல்லாம் அப்படியே கிடந்தான். ஒருநாள் ஒரு பாட்டு முடிந்ததும் வனஜா ஹோம் தியேட்டரில் மைக்கைச் செருகி, "என்னங்க" என்றாள். பெட்டி அசையவில்லை. கனத்த சத்தம்தான் அதற்குள் போகும். தொண்டையை இறக்கி, ஆண்பிள்ளைக் குரலில், இருபது வருஷமாக வாயால் சொல்லாத அவன் பெயரைச் சொன்னாள்.

"துரைசிங்கம்."

பெட்டி அதிர்ந்தது. மறுபடியும் சொன்னாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "யாரோ கதவத் தட்டுதாங்க. போய்ப் பாரு," என்றான்.

வனஜா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, யாரும் தட்டாத கதவைப் போய்த் திறந்தாள்.