மல்லிகை அத்தர்

ஜாசின் டவுன் கிளினிக்கின் டியூப்லைட் வெளிச்சத்தில் மைமூனின் கணுக்கால் எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் மினுங்குகிறது. சொன்ன பேச்சுக் கேட்காத மூத்திரப்பையை அடக்க, அந்தக் கணுக்கால் நரம்புக்குத்தான் அரைமணி நேரம் மெல்லிய கரண்டு கொடுக்க வேண்டும். தெரப்பிஸ்ட் ஷாமினி ஒட்டுகிற பட்டையோ வழுக்கிக்கொண்டே போகிறது. "என்ன தேச்சிருக்கீங்க ஆன்ட்டி? பேட் நிக்க மாட்டேங்குதுலா." மைமூன் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்: "அத்தர்மா. வாடை தெரியக்கூடாதுன்னு இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் பூசிக்கிட்டு வரச் சொன்னாங்க எங்க வீட்டுக்காரவங்க." ஷாமினி ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைக்கிறாள். பஞ்சு பழுப்பாகிறது. மல்லிகையும் ஸ்பிரிட்டும் இடுப்பில் கட்டிய நாப்கினின் புளித்த நெடியும் சேர்ந்து கிளம்பி மைமூனின் தொண்டைக்குழியில் வந்து உட்காருகின்றன. இரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்து எழும் இடமெல்லாம், மெத்தையில், காரில், தொழுகை விரிப்பில்கூட, இந்த மல்லிகைதான். பட்டை ஒருவழியாக ஒட்டிக்கொள்கிறது. ஷாமினி பொத்தானை அழுத்தியதும் கால் கட்டைவிரல் அறுந்த பல்லிவாலாகத் துடிக்கிறது. கதவோரம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி நிற்கும் அவள் கணவர் மீரா சாஹிப் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்துத் திறந்து நீட்டுகிறார். "துடைச்சிட்டாங்களே, இன்னும் கொஞ்சம் போட்டுக்க." மைமூன் துடிக்கும் விரலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "அதை மூடுங்க. நாறுது."