மூன்றாவது ஒன்ஸ்மோர்

"செத்தவன் செத்த மாதிரி கிடக்கணும் தம்பி. காலை ஆட்டாத" என்று மேடை விளிம்பிலிருந்த குழிக்குள்ளிருந்து கிசுகிசுத்தார் கல்லிஸ்டோ. பாடகர்களுக்கு மறந்துபோகும் வரியை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சபைக்கு முதுகைக் காட்டியபடியே அந்தக் குழிக்குள் இருபத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டவர்.

மார்பில் கத்தியோடு கிடந்த அடெல்மோ கண்ணைத் திறக்காமலே மணி என்ன என்று கேட்டார். நாலு முப்பத்தைந்து. மாமனார் ஊரான சுஸ்ஸாராவுக்குப் போகும் ரயில் ஐந்து இருபதுக்கு. அதை விட்டால் மறுநாள் காலையில்தான்.

மத்தியானம் அவர் வேஷம் போட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் வீட்டிலிருந்து தந்தி வந்திருந்தது. மனைவி எர்சிலியாவுக்கு வலி எடுத்துவிட்டதாம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து முதல் பிரசவம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது, முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதிலிருந்து அடெல்மோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இசைநாடகத்தில், கத்திக்குத்துப் பட்ட சிப்பாய் மனைவியிடம் விடைபெற்றுச் சாகும் பாட்டை முடித்துவிட்டுத்தான் அவர் அப்படிக் கிடந்தார். இன்று தெருமுனையில் இசைப்பெட்டியைச் சுழற்றிப் பிழைப்பவன்கூட அதை விட்டுவைப்பதில்லை. அன்றைக்கு அது அரங்கேறி மூன்றே நாள்.

கைதட்டல் அடங்கப்போன நேரத்தில் மேல்மாடியிலிருந்து ஒற்றைக் குரல் எழுந்தது. "ஒன்ஸ்மோர்!"

அவ்வளவுதான், மொத்த மாடியும் சேர்ந்துகொண்டது. அந்த மந்துவா நகரத்தில் மேல்மாடிக்காரர்கள் கேட்டதைப் பாடாதவனுக்கு மறுபடி அந்த மேடை கிடையாது. பிணம் எழுந்தது. கத்தியைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து பாடி, மறுபடி விழுந்தது.

மறுபடியும் அதே குரல், அதே ஒன்ஸ்மோர்.

"யாருண்ணே அந்தப் பாவி? அவன் வாயில மண்ணு விழ" என்று பல்லைக் கடித்தார் அடெல்மோ.

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு? உன் பாட்டு அவனுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. சந்தோஷப்படுவியா..."

"அங்க என் பொண்டாட்டி உயிரக் கையில பிடிச்சிக்கிட்டுக் கிடக்கா. நான் இங்க செத்துச் செத்து விளையாடிட்டிருக்கேன்."

கல்லிஸ்டோ முதல் வரியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் தடவை அடெல்மோ அந்தப் பாட்டை விரட்டினார். எழுதியவர் அதை நிதானமாகத்தான் எழுதியிருந்தார். வாத்தியக்காரர்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தார்கள், வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கோலை ஓங்கிக்கொண்டு முறைத்தார். அந்த வேகம்தான் இன்றுவரை நிலைத்துவிட்டது. சாகிறவனின் பதைபதைப்பு அதில் இருக்கிறது என்று ரசிகர்கள் தலையை ஆட்டுகிறார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் விஷயம்.

சபையே எழுந்து நின்றது. மேல்மாடிக் குரல் இந்தத் தடவை கம்மிப்போயிருந்தது. ஆனாலும் விடவில்லை. மூன்றாவது ஒன்ஸ்மோர்.

அடெல்மோ எழுந்தார், தலையைத் தாழ்த்தி ஒரு வணக்கம் வைத்தார், மேடையை விட்டே போய்விட்டார். ஊளைச் சத்தத்தில் கட்டடம் அதிர்ந்தது. அழுகின ஆரஞ்சு ஒன்று அவர் முதுகில் பட்டுத் தெறித்தது. இனி மந்துவா இல்லை, போகட்டும் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முகத்துச் சாயத்தைத் துடைத்தும் துடைக்காமலும் அவர் பின்வாசலுக்கு ஓட, குழியிலிருந்து ஏறிவந்த கல்லிஸ்டோ அவருடைய கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மணி ஐந்து. ஓட்டமும் நடையுமாகப் போனால் ரயிலைப் பிடித்துவிடலாம்.

மேல்மாடிப் படிகள் வந்து முடியும் இடத்தில் எர்சிலியாவின் தம்பி நெல்லோ, தொப்பியைக் கையில் கசக்கியபடி நின்றிருந்தான். அடெல்மோவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, நீயே வந்துட்டியா மச்சான்? சொல்லு, பையனா பொண்ணா?"

நெல்லோ வாயைத் திறந்தான். கத்திக் கத்திக் கம்மிப்போன அந்தக் குரல் யாருடையது என்று கல்லிஸ்டோவுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"மூணு மணி வண்டிக்கே வந்துட்டேன் மச்சான். நீங்க பாட்ட முடிச்சா நான் சொல்லியாகணுமே. பாடிக்கிட்டிருக்கிற வரைக்கும் உங்களுக்கு அக்கா உயிரோடதான இருக்கா."