சர்வருக்கு ஒரு பேர்

பேர் வைக்காமல் புது சர்வரை இணைக்க முடியாது என்று கம்ப்யூட்டர்க்காரர் சொல்லிவிட்டார். பழைய சர்வர் நின்றுபோனதால் வெளியே நூலகக் கவுன்ட்டரில் வாசகர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். தலைமை நூலகருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“சட்டுனு ஒரு பேர் சொல்லுங்கப்பா.”

“நறுமுகை” என்றார் கவுன்ட்டர்க்காரர்.

“அது வேண்டாம்” என்றாள் உதவி நூலகர்.

“சரி, இனியா?”

“ஐயோ, அதுவும் வேண்டாம்!”

தலைமை நூலகருக்குச் சுர்ரென்று ஏறியது. கொஞ்ச நாளாகவே இவள் போக்கு சரியில்லை. அடிக்கடி பர்மிஷன், போனில் கிசுகிசுப்பு. வேறு வேலை தேடுகிறாள் என்றே அவர் முடிவு கட்டியிருந்தார்.

“பேரெல்லாம் உங்க வீட்டுச் சொத்தாம்மா? நீங்க இனியான்னே போடுங்க சார்.”

கம்ப்யூட்டர்க்காரர் தட்ட ஆரம்பித்தார். அவள் பாய்ந்து கீபோர்டைக் கையால் மறைத்தாள்.

“பழைய சர்வர் முல்லை நின்னப்ப என்ன சொன்னீங்க சார்? ‘முல்லை செத்துடுச்சு’ன்னீங்க. இதுவும் ஒருநாள் நிக்கும். இந்தப் பேரைச் சொல்லி நீங்க அப்படிச் சொன்னா என்னால தாங்க முடியாது. ஏற்கெனவே ரெண்டு தடவை தங்கலை சார். இது நாலாம் மாசம். வீட்ல நறுமுகை, இனியான்னு பேர்கூடப் பார்த்து வெச்சுட்டோம்.”



தலைமை நூலகர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீ முதல்ல உக்காரும்மா.” பிறகு கம்ப்யூட்டர்க்காரரிடம் திரும்பினார். “அதை அழிச்சுட்டு என் பேரைப் போடுங்க சார். செத்துடுச்சுன்னு எல்லாரும் தினம் சொல்லட்டும், எனக்கு ஒண்ணும் ஆகாது.”