சட்டி காலியாகும்வரை

வீட்டு அடுப்புகள் ஒழிந்து, தெருவுக்கு ஒரே அடுப்பு என்றாகிவிட்டது. வீட்டுக்கொரு நாள் சமையல் முறை. செங்கனியின் முறை வரும் நாளில் மட்டும் தெருவுக்கே விரதம். செவ்வாயை மாற்றி ஞாயிறு கேட்டாள். விரதமும் ஞாயிறுக்கு வந்தது.

“எங்க சாதியைச் சொல்லிட்டே பட்டினி கிடங்களேன்.”

“சேச்சே, இது சாமி விஷயம்மா,” என்றார் தெருச் சங்கத் தலைவி சௌந்தரம்.

சோறு வீணாகக் கூடாதென்று அவரே புது விதி போட்டார்: சட்டி காலியானால்தான் அடுப்பு அடுத்த வீட்டுக்கு. போடும்போது செங்கனியை மறந்துவிட்டார்.

ஞாயிறன்று செங்கனி சட்டி நிறையக் கறிக்குழம்பு வைத்தாள். குழம்பை ஒரு வாரம் கெடவிடாத சட்டி அது.

சட்டி காலியாகவில்லை, அடுப்பும் நகரவில்லை. மூன்றாம் நாள் சௌந்தரம் தட்டோடு வந்தார்.

“விரதம் என்னாச்சுக்கா?”

“சாமி மன்னிச்சிரும். ஊத்தும்மா.”

செங்கனி ஊற்றினாள். “சாப்ட்டதும் தட்டை நீங்களே கழுவிக் கவுத்திருங்க, உங்க வீட்டுல எனக்குச் சொன்ன மாதிரி.”