மஞ்சள் கேபிள்

சோதனைத் தொட்டியின் விளிம்பில் நின்று மஞ்சள் கேபிளை முழம் முழமாக விடுகிறேன். அதன் மறுமுனையில் என் மனைவி வடிவமைத்த நீர்மூழ்கி வண்டி, கண்ணாடிக் கூரை வழியே விழும் காலை வெயிலுக்குள், துளியும் சாயாமல் இறங்குகிறது. விளக்குகள் இரண்டும் பூனைக் கண்களாக மினுங்குகின்றன. அவள் எனக்கு முதுகு காட்டி, திரையில் கண் பதித்து, கட்டைவிரல் நுனியால் அதை ஓட்டுகிறாள். என் வண்டி பின்னால் அலமாரியில் வயிறு திறந்து கிடக்கிறது. "உங்க வீட்டம்மாவுக்குக் கைராசி சார்," என்கிறார் கிரேன்காரர். சிரித்து வைக்கிறேன். வயிறு எரிகிறது. அப்போதுதான் பேட்டரிக் குழாயின் மூடியிலிருந்து ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக ஏறுவதைப் பார்க்கிறேன். வெளியே ஒட்டிய காற்றென்றால் நாலைந்தோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலே போதும், தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். குமிழைக் கண்டதும் "மேலே" என்று குரல் கொடுப்பது கேபிள் பிடிப்பவர் வேலை. போன மாதம் என் வண்டி இறங்கியபோது கேபிள் பிடித்தவள் அவள்தான். முதல் குமிழுக்கே குரல் கொடுத்து, ஓடிவந்து, என்னோடு சேர்ந்து இழுத்து, பேட்டரியைக் காப்பாற்றினாள். எல்லார் முன்னாலும். இப்போது கேபிள் என் உள்ளங்கையில் ஈரமாக, குளிர்ந்து, லேசாகத் துடிக்கிறது.

"என்னங்க, அங்க எல்லாம் சரியா இருக்கா?" திரும்பாமலே கேட்கிறாள்.

"நல்லாத்தான் போகுது," என்று இன்னொரு முழம் விடுகிறேன்.