அணில் திறந்த கணக்குகள்

காட்டில் புதிதாக நிறுவிய தரவுத்தளத்தில் ஆளுக்கொரு கணக்கு திறந்துகொடுக்கும் வேலை அணிலிடம் வந்தது. முதலில் எறும்புக்கு ஓர் அறை ஒதுக்கி, அதற்குப் போகும் வழியையும் கணக்கில் எழுதியது. மற்றவர்களுக்கும் தனக்கும் அதையே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியது. வழியை மாற்றத் தோன்றவில்லை. வேலை சட்டென்று முடிந்த பெருமையில் வாலை நீவிக்கொண்டது.

மழை இருட்டிக்கொண்டு வந்தபோது எறும்பு அலறியடித்து ஓடிவந்தது.

"அண்ணே, தானியம் புதைச்ச இடமெல்லாம் என் அறையில பதிஞ்சு வெச்சிருந்தேன். ஒண்ணுகூடக் காணோம்!"

அணிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உன் அறைக்குள்ள யாரு நுழைஞ்சா?"

"என் அறையிலயும் யாரோ நுழைஞ்சிருக்காங்கண்ணே," என்றது பக்கத்துக் கிளையிலிருந்த தூக்கணாங்குருவி. "ஒரே குப்பை. தானியம் இருக்குற இடம், கடலை இருக்குற இடம்னு என்னென்னமோ கிடந்துச்சு. இப்பதான் மொத்தத்தையும் அழிச்சிட்டு வர்றேன்."

"கடலையுமா?" என்று கேட்ட அணில் கிளையிலிருந்து நழுவியது.